எந்த ரூட்ல போனா சீக்கிரம் போகலாம்?

காலை ஒன்பது மணிக்குக் கள்ளக்குறிச்சி டவுனுக்குள் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? சேலம் ரோடு, துருகம் ரோடு, சங்கராபுரம் ரோடு, கச்சிராயபாளையம் ரோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் உள்ளே வரும் நேரம். ஸ்கூல் வேன், டவுன் பஸ், மரவள்ளி மூட்டை ஏற்றிய மினி லாரி, ஷேர் ஆட்டோ, நடுவில் நீங்கள். 2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதிலிருந்து ஊருக்கு வேலையாக வருபவர்கள் கூடிவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு கூட்டம், 2022 ஜனவரியில் திறந்த சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு கூட்டம்.

இந்த நெரிசலில் நம்மாட்கள் எல்லார் மனசிலும் ஓடும் கேள்வி ஒன்றுதான். "நேரா போலாமா, சுத்திப் போலாமா?"

பின்னால் உட்கார்ந்திருக்கும் ஃப்ரெண்டு உடனே ஒரு வழி சொல்வான். நீங்கள் இன்னொரு வழி சொல்வீர்கள். போனில் இருக்கும் மேப் மூன்றாவதாக ஒன்று சொல்லும். யார் சொல்வது சரி? இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்துவிடலாம். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டாது.

சிக்னல்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க?

முதலில் ஒரே ஒரு சிக்னலை எடுத்துக்கொள்வோம். பச்சை 45 விநாடி, மஞ்சளையும் சேர்த்துச் சிவப்பு 75 விநாடி. ஒரு சுற்று முடிய 120 விநாடி. நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் அங்கே போய்ச் சேருகிறீர்கள். சராசரியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்?

"75-ல பாதி, முப்பத்தேழரை" என்று சட்டென்று சொன்னால் மார்க் பாதிதான். ஏனென்றால் எல்லா நேரமும் சிவப்பில் மாட்ட மாட்டீர்கள். 120-ல் 75 தரம்தான் மாட்டுவீர்கள். மாட்டினால்தான் சராசரியாக முப்பத்தேழரை விநாடி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 23 விநாடி. சூத்திரமாகச் சொன்னால், சிவப்பு நேரத்தின் வர்க்கத்தை, சுற்று நேரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? சுற்றைப் பாதியாக்கி 60 விநாடி என்று வைத்தால், காத்திருப்பும் பாதியாகி 12 விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்படியானால் எல்லாச் சிக்னலையும் சின்னச் சுற்றாக வைத்துவிட வேண்டியதுதானே?

முடியாது பாஸ். ஒவ்வொரு தடவை விளக்கு மாறும்போதும் சில விநாடி யாருக்கும் உதவாமல் வீணாகிறது. முன்னால் நிற்கும் அண்ணன் கியர் போட்டுக் கிளம்ப வேண்டும், எதிர்ப்பக்கம் கடைசி வண்டி தாண்ட வேண்டும். அடிக்கடி மாற்றினால் வீணாகும் நேரமே அதிகமாகி, வரிசை நீண்டுவிடும். எது சரியான சுற்று என்பதற்கு 1958-ல் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வெப்ஸ்டர் என்பவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றைக்கும் என்ஜினீயரிங் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். சிவில் படிக்கும் நண்பர்களுக்கு இந்நேரம் பரீட்சை ஞாபகம் வந்திருக்கும். ஸாரி!

நேராவா? சுத்தியா?

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து காலேஜுக்கு இரண்டு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி, ஊருக்குள் நேராக. சிக்னல் வரை 4 நிமிடம், சிக்னலைத் தாண்டி 3 நிமிடம். ஆக 420 விநாடி, கூடச் சிக்னல் காத்திருப்பு. இரண்டாவது வழி, சுற்றுப்பாதை. சிக்னலே கிடையாது, ஆனால் 450 விநாடி ஆகும்.

சராசரி பார்த்தால் முதல் வழிக்கு 443 விநாடி. நேராகப் போவதே மேல், ஏழு விநாடி லாபம். ஃப்ரெண்டு ஜெயித்துவிட்டான்.

கொஞ்சம் பொறுங்கள். சிக்னலில் சரியாக எட்டு மணிக்குப் பச்சை விழுகிறது, அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணிக்குக் கிளம்பினால் எட்டு நாலுக்குச் சிக்னலில் இருப்பீர்கள். பளிச்சென்று பச்சை! மொத்தம் 420 விநாடி. நேர்வழி ஜெயிக்கிறது.

வண்டிச் சாவியைத் தேடி 50 விநாடி தாமதமாகக் கிளம்பினால்? சிக்னலுக்கு நீங்கள் வரும்போது சிவப்பு விழுந்து 5 விநாடி ஆகியிருக்கும். இன்னும் 70 விநாடி நிற்க வேண்டும். மொத்தம் 490. இப்போது சுற்றுவழிதான் மேல், 40 விநாடி லாபம். ஒன்றரை நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் சிக்னலில் 30 விநாடி நிற்பீர்கள். இரண்டு வழியும் சரிசமம்!

அதே வீடு, அதே காலேஜ், அதே ரோடு. ஆனால் விடை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆக, "எந்த ரூட் சீக்கிரம்?" என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. "எத்தனை மணிக்குக் கிளம்புறே?" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக்கேள்வி. நீங்களும் ஃப்ரெண்டும் இத்தனை நாள் சண்டை போட்டதில் இரண்டு பேருமே சரி.

தண்ணி திறந்துவிட்ட மாதிரி

ஒரு சிக்னல், இரண்டு வழி என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரில் 20 சந்திப்பு இருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வழி பிரிந்தால்? இரண்டை இருபது தடவை பெருக்கிப் பாருங்கள். 10 லட்சத்து 48 ஆயிரத்துச் சொச்சம் வழிகள்! சென்னை மாதிரி ஊர் என்றால் கம்ப்யூட்டருக்கே ஆயுசு போதாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நெதர்லாந்துக்காரர், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1956-ல் அவருக்கு வயது 26. தன் வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் ஷாப்பிங் போனார். களைத்துப்போய் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தவர், பேப்பர் பேனா எதுவும் இல்லாமல், இருபதே நிமிடத்தில் மனசுக்குள்ளேயே இதைக் கண்டுபிடித்ததாகப் பிற்பாடு சொன்னார். 1959-ல் மூன்றே பக்கக் கட்டுரையாக அது அச்சானது. (நாம் காபிக்கடையில் உட்கார்ந்தால் பில்லை யார் கொடுப்பது என்பதைத்தான் யோசிப்போம்!)

அவர் யோசனை ரொம்ப எளிது. கோமுகி அணையில் மதகு திறந்துவிட்டதாகக் கற்பனை செய்யுங்கள். தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லா வாய்க்காலிலும் பரவுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் முதலில் வந்து தொடுகிறதோ, அதுதான் அந்த இடத்துக்குச் சீக்கிரமான வழி. பின்னால் வேறு வாய்க்கால் வழியே வரும் தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லை, அதை விட்டுவிடலாம். இப்படி ஒவ்வொரு சந்திப்பையும் ஒரே ஒரு தடவை முடிவு செய்தால் போதும். பத்து லட்சம் வழிகளையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

சிக்னல் இருந்தால்? வாய்க்காலில் திறந்து திறந்து மூடும் ஷட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்து முட்டும்போது ஷட்டர் மூடியிருந்தால் திறக்கும்வரை நிற்கும், திறந்ததும் ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு சந்திப்பையும் தொடும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அங்கே பச்சையா சிவப்பா என்று பார்த்து, காத்திருப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நேரத்துக்கு நேரம் மாறும் சாலைகளில் சீக்கிர வழி காண்பது பற்றி 1966-லேயே குக், ஹால்சி என்ற இருவர் எழுதிவிட்டார்கள்.

முறுக்கினவனும் முறுக்காதவனும்

இந்த முறை சரியாக வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை உண்டு. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவருக்குப் பிறகு கிளம்பக்கூடாது. சிக்னலில் இது தானாகவே நடக்கிறது. சீக்கிரம் வந்து சேர்ந்ததால் யாரும் லேட்டாவது இல்லை.

ஆனால் லாபமும் பெரும்பாலும் இல்லை! உங்களை ஓவர்டேக் செய்துகொண்டு, ஹாரனை அலறவிட்டு, 'விர்ர்ர்'ரென்று ஒருவர் போகிறார். அடுத்த சிக்னலில் பார்த்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் 20 விநாடி முன்னால் வந்து 60 விநாடி நின்றார். நீங்கள் பின்னால் வந்து 40 விநாடி நின்றீர்கள். பச்சை விழுவது இருவருக்கும் ஒரே நேரத்தில்தான். அவர் எரித்த பெட்ரோல் வீண், எடுத்த ரிஸ்க் வீண். எப்போதாவது பச்சையின் கடைசி விநாடியைப் பிடித்துவிடுவார், நிஜம்தான். அந்த ஒரு தடவைக்காக எல்லாத் தடவையும் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

பஸ்ஸில் மட்டும் இந்த நிபந்தனை உடைந்துவிடும். ஊருக்கு ஊர் நிற்கும் பஸ் முதலில் கிளம்புகிறது. கால் மணி கழித்துக் கிளம்பும் எக்ஸ்பிரஸ் அதை வழியிலேயே முந்திவிடுகிறது. இங்கே பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பவர்தான் புத்திசாலி. கம்ப்யூட்டருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், முதல் பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட்டுவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊரில் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறோம். அதனால் இடது திரும்புவது சுலபம். வலது திரும்ப வேண்டுமென்றால் எதிரே வரும் கூட்டத்தைத் தாண்ட வேண்டும். ஆக, சந்திப்பு ஒன்றுதான் என்றாலும் எங்கிருந்து வந்து எங்கே திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து நேரம் வேறு. வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவில் ஒரு பெரிய பார்சல் நிறுவனம் தன் டிரைவர்களை முடிந்தவரை இடது திரும்ப விடாமலே ரூட் போடுவது பிரபலமான கதை. நமக்கு அதைக் கண்ணாடியில் பார்த்துத் திருப்பிப் படிக்க வேண்டும்.

கோயமுத்தூர் வைத்தியம்

சிக்னலையே தூக்கிவிட்டால் என்ன? கோவையில் 2022-லிருந்து பல சந்திப்புகளில் போலீஸார் இதைச் செய்து பார்த்தார்கள். சிக்னலை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளி யூ டர்ன் வைத்தார்கள். லாலி ரோடு சந்திப்பு மாதிரி இடங்களில் ரவுண்டானா வந்தது. தூரம் கூடுகிறது, நேரம் குறைகிறதா?

நம்ம சூத்திரத்தை எடுங்கள். பெரிய ஊர் சிக்னல், சுற்று 180 விநாடி, சிவப்பு 135 என்று வைத்தால் சராசரிக் காத்திருப்பு சுமார் 50 விநாடி. யூ டர்னுக்காக 300 மீட்டர் கூடுதலாக, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 36 விநாடி. லாபம்தான். ஆனால் முதலில் பார்த்த 120 விநாடிச் சிக்னலுக்கு இதே வைத்தியம் செய்தால் நஷ்டம். 23 விநாடி காத்திருப்புக்குப் பதில் 36 விநாடி ஓட்டம்! ஒரே மருந்து எல்லா ஊருக்கும் ஒத்துவராது என்பது இதனால்தான்.

அப்புறம், வண்டி நிற்காத ரோட்டை நடந்து போகிறவர் எப்படித் தாண்டுவார்? பாட்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சிவப்பு விளக்குதான் பச்சை. அவர்கள் நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால்தான் அது முழுக்கணக்கு.

விளக்கைத் தூக்காமல், விளக்கின் நேரத்தை மாற்றிச் சரிசெய்யும் வேலையும் நடக்கிறது. மேப் மூலம் கிடைக்கும் வண்டிகளின் ஓட்டத்தைப் பார்த்து, எந்தச் சிக்னலில் எத்தனை விநாடி கூட்டலாம், குறைக்கலாம் என்று போலீஸுக்கு யோசனை சொல்லும் 'கிரீன் லைட்' திட்டத்தை கூகுள் 2023-ல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா மூன்றும் இருந்தன.

மலைக்கு மேல வேற சிக்னல்

இப்போது கச்சிராயபாளையம் ரோட்டில் வண்டியைத் திருப்புங்கள். கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. கல்வராயன் மலை! கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.) மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கேங்காக டூர் போனவர்களுக்கு இந்த ரோடு தெரியும்.

இங்கே "சிக்னல் இருக்கா?" என்று கேட்டால் யாரும் விளக்குக் கம்பத்தைத் தேட மாட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்து டவர் தேடுவார்கள். டவர் கிடைக்காத இடத்தில் உங்கள் மேப்புக்கு ட்ராஃபிக் தெரியாது. நிறைய போன்கள் ஓடினால்தானே அது வேகத்தைக் கணக்கிட முடியும்!

அதற்காக மலையில் சிவப்பு விளக்கே இல்லை என்று நினைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அது சிவப்பு. பெருமழையில் ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடினால், வடியும்வரை நிற்க வேண்டும். அதுவும் சிவப்புதான், ஆனால் எத்தனை விநாடி என்று எண் ஓடாத சிவப்பு. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நேரத்தில் கரும்பு டிராக்டர் இரண்டு டிரெய்லரோடு முன்னால் போனால், பின்னால் போகிற உங்களுக்கு அதுதான் சிக்னல்!

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்க இன்னொரு வழியும் உண்டு. சேராப்பட்டு, மூலக்காடு, சங்கராபுரம் என்று சுற்றி வர வேண்டும். பத்து மணிக்குப் பரீட்சை உள்ள ஒரு மாணவி எதில் வர வேண்டும்?

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் வழியில் ஐந்து நாளில் நாலு நாள் 80 நிமிடம், ஒரு நாள் ஏதாவது தடங்கலாகி 130 நிமிடம். சராசரி 90. இரண்டாவது வழியில் எல்லா நாளும் 95 நிமிடம். சராசரி பார்த்தால் முதல் வழி.

அவர் எட்டேகாலுக்குக் கிளம்புகிறார். கையில் 105 நிமிடம். முதல் வழியில் வந்தால் ஐந்தில் ஒரு தடவை பரீட்சை போச்சு. இரண்டாவது வழியில் நூற்றுக்கு நூறு வந்துவிடலாம். எனவே 'லேட்டான' வழிதான் சரியான வழி! அதே மாணவி எட்டரைக்குக் கிளம்பினால்? கையில் 90 நிமிடம்தான். இரண்டாவது வழியில் வந்தால் நிச்சயம் தாமதம். முதல் வழியில் ஐந்தில் நாலு வாய்ப்பு இருக்கிறது. இப்போது ரிஸ்க் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

மேப் காட்டுவது ஒரே ஒரு நம்பர். உங்களுக்குத் தேவை இரண்டு நம்பர்: வழக்கமாக எவ்வளவு ஆகும், கெட்ட நாளில் எவ்வளவு ஆகும். இன்டர்வியூ, பரீட்சை, ரயில் என்றால் இரண்டாவது நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

ரோடே இல்லாத ரூட்

இதுவரை பேசியது எல்லாம் ரோடு இருக்கும் ஊர்களுக்கு. ஒத்தையடிப் பாதை மட்டுமே உள்ள மலைக்கிராமத்தில், நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால்?

தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் ஆம்புலன்ஸ் ரோடு முடிகிற இடம் வரைதான் வரும். அதுவரை துணித்தொட்டில் கட்டித் தூக்கி வர வேண்டும். அந்தப் பாதை 3 கிலோமீட்டர் என்றும், இருட்டில் தூக்கிக்கொண்டு இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் 75 நிமிடம். உலகத்திலேயே சிறந்த மேப் வந்து, அந்த 75-ஐ 70 ஆக்கலாம். ஐந்து நிமிட லாபம். ஆனால் அந்த 3 கிலோமீட்டருக்கு ஒரு சாதாரண ரோடு இருந்தால், ஒரு மணி நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடும். முக்கால் மணி நேர லாபம்! பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்துவிட்டால், பாம்பு கடித்துவிட்டால் அந்த முக்கால் மணி நேரம் என்பது ஓர் உயிர்.

டைக்ஸ்ட்ராவின் முறைக்கு இதுதான் எல்லை. இருக்கிற கோடுகளில் எது சீக்கிரம் என்று அது சொல்லும். இல்லாத கோட்டை வரைய அதனால் முடியாது. அதை மனுஷங்கதான் வரைய வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த கொடுமை நாடறியும். அதைத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மலைக்கிராமங்களுக்குச் சாலை உட்பட அடிப்படை வசதிகள் என்ன நிலையில் இருக்கின்றன என்று அரசிடம் கேட்டது. சாலை என்பது சும்மா வசதி அல்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல் என்பது அப்போது ஊருக்கெல்லாம் உறைத்தது.

"காட்டுக்குள்ள ரோடு போட ஃபாரஸ்ட் விடமாட்டாங்களே!" என்பீர்கள். காடு காப்பாற்றப்பட வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 3-வது பிரிவின் 2-வது உட்பிரிவைத் தேடிப் படியுங்கள். பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, சாலை உட்பட 13 வகைத் தேவைகளுக்கு வனநிலத்தைத் தரலாம். மூன்று நிபந்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. முக்கியமாக, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். நாலு மீட்டர் அகல ரோடு என்றால் கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் நீளம் கிடைக்கும். நாம் மேலே பார்த்த 3 கிலோமீட்டரில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது பாருங்கள்!

இந்த வார ஹோம் ஒர்க்

டவுனில் இருப்பவர்களுக்கு: உங்கள் ஊர் சிக்னல் ஒன்றில் ஓரமாக நின்று, போனில் உள்ள ஸ்டாப் வாட்ச்சை வைத்துப் பத்துச் சுற்று குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு எத்தனை, மொத்தச் சுற்று எத்தனை? சூத்திரத்தில் போடுங்கள். அப்புறம் உங்கள் சுற்றுவழிக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் எந்த நிமிடம் கிளம்பினால் பச்சையில் போகலாம் என்று கண்டுபிடித்தவர்கள் அதை ஃப்ரெண்டுக்குச் சொல்ல வேண்டாம். பெட் கட்டி ஜெயிக்கலாம். (டீ மட்டும்தான் பந்தயம், ஓகேவா?)

மலையிலிருந்தோ மலையடிவாரத்திலிருந்தோ வந்து படிக்கிறவர்களுக்கு: ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். உங்கள் ஊரை ஒரு புள்ளியாக வையுங்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்குமிடம், ஆரம்ப சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ் வரும் இடம், எல்லாவற்றையும் புள்ளியாக வைத்துக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் கிலோமீட்டர் எழுதாதீர்கள். நிமிடம் எழுதுங்கள், அதுவும் இரண்டு நம்பராக. வெயில் நாளில் எவ்வளவு, மழை நாளில் எவ்வளவு. நடந்து போகிற கோட்டைச் சிவப்பு மையில் போடுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். "ரோடு வேணும்" என்று சொல்வதற்கும், "இந்த ஒரு கோடு வந்தா ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் மிச்சம், இதோ கணக்கு" என்று சொல்வதற்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காலேஜில் கற்ற கணக்கு ஊருக்குப் பயன்படுமா என்று கேட்கிறவர்களிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

சரி, பச்சை விழுந்துடுச்சு... கிளம்பலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!